ஷெல்டன் அளவுகோல்

பழைய நாணயம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை 1 முதல் 70 வரையுள்ள எண்ணால் குறிக்கும் முறை இது. சதவீதத்துக்குப் பழகிய கண்ணுக்கு எழுபது விசித்திரமாகத் தெரியும்.

முன்பெல்லாம் 'நன்று', 'மிக நன்று', 'புழங்காதது' என்ற சொற்களே தரத்தைக் குறித்தன. விற்பவருக்கு மிக நன்றாகப்பட்டது வாங்குபவருக்குச் சுமாராகப்படும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன், 1793 முதல் 1814 வரை வெளிவந்த பெரிய செம்புச் சென்ட்டுகளில் பித்தாக இருந்தவர். மனித உடல்வாகையே மூன்றாகப் பிரித்து எண் போட்ட மனிதர், காசை விடுவாரா? 1949-இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைச் சொன்னார். ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் அடிப்படை விலை உண்டு. இன்ன காசு என்று மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்ந்ததற்குத் தரம் 1. அச்சடித்தபோதிருந்த மெருகு குலையாததற்கு 70. இரண்டையும் பெருக்கினால் சந்தை விலை. அடிப்படை விலை 2 டாலர், தரம் 20 என்றால் 40 டாலர். 1794-ஆம் ஆண்டுச் சென்ட்டில் மிகச் சிறந்தது, மிக மட்டமானதைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு விலை போனதால்தான் அந்த உச்ச எண்.

கணக்கு நெடுநாள் நிற்கவில்லை. தேயாத காசுகளின் விலை தனியே எகிறிவிட்டது. ஆனாலும் எண்கள் பிடித்துப்போக, 1970-களில் அமெரிக்க நாணயவியல் சங்கம் மற்ற நாணயங்களுக்கும் அவற்றை ஏற்றது. 1986-இல் பிசிஜிஎஸ், மறு ஆண்டு என்ஜிசி என்ற நிறுவனங்கள் வந்தன. கட்டணம் வாங்கித் தரம் பார்த்து, நாணயத்தைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து எண்ணிட்டுக் கொடுத்தன. புழங்காத காசுகளுக்கு 60 முதல் 70 வரை. 65-க்கும் 66-க்கும் உள்ள வேறுபாடு லென்ஸுக்கே தெரியும். விலையில் அது பல மடங்காகலாம்.

எண் மட்டும் விலையாகாது. 2021-இல் நியூயார்க்கில் சுமார் 1.89 கோடி டாலருக்கு ஏலம்போன 1933-ஆம் ஆண்டின் 20 டாலர் பொற்காசின் தரம் 65தான். அண்மையில் அச்சான சாதாரண வெள்ளி நாணயங்களில் 70 வாங்கியவை ஏராளம்.

ஷெல்டன் கதையில் ஒரு கறை உண்டு. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் உயர்தரச் சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, மட்டமானவற்றை அங்கே வைத்துவிட்டார் என்பது அவர் இறந்தபின் வெளிப்பட்டது. தரம் அறிந்தவரின் திருட்டு!

வீட்டில் பழைய செம்புக் காலணா கிடந்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளக்கும்தான், ஆனால் தர நிறுவனங்கள் எண்ணுக்குப் பதிலாக 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறித்துவிடும், விலையும் இறங்கிவிடும்.