ரேக் கமாண்டுக்குச் சதுர அடைப்பு வந்த கதை

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஆட்டோ ஏறினால் எந்த கிராஸ் தெரு, எந்த மெயின் தெரு என்று இரண்டு எண் சொன்னால் போதும், தெரு முனையில் இறக்கிவிடுவார்கள். ரூபி நிரல்மொழியில் வேலைகளை ஓட்டும் கருவி ரேக்; அதன் டாஸ்குக்கு, அதாவது வேலைக்கு, தகவல் கொடுப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். 'ரேக் பில்[8,15]' என்று அடித்தால், 8 எதைக் குறிக்கிறது, 15 எதைக் குறிக்கிறது என்பதை அவை நிற்கும் இடமே சொல்லிவிடும். பெங்களூரில் ரூபிக்கு நல்ல கூட்டம் உண்டு.  புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள்: மற்ற கமாண்டுகளில் இடம் விட்டு எழுதுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் சதுர அடைப்பு?

நியாயமான கேள்வி. பதிலுக்கு 1976-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். 'மேக்' என்பதை அடுத்து வரும் ஒவ்வொரு சொல்லும் பொதுவாக ஒரு வேலையின் பெயர். 'மேக் கிளீன் இன்ஸ்டால்' என்றால் முதலில் துடைக்கும், பிறகு நிறுவும்.

2003 வாக்கில் அமெரிக்காவின் ஒஹையோவில் ஜிம் வைரிக்குக்கு ஒரு யோசனை வந்தது: மேக்குக்கான வேலைகளை விவரிக்கும் கோப்பையே ரூபியில் எழுதினால் என்ன? இதை எழுத வேண்டும் என்று தான் நினைக்கவே இல்லை, யாருக்காவது பயன்படுமா என்றும் தெரியவில்லை என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். ரேக் அப்படித்தான் பிறந்தது. ஒவ்வொரு சொல்லையும் ஒரு வேலையாக எடுக்கும் மேக்கின் பழக்கமும் கூடவே வந்தது.

சிக்கலும் அங்கேதான். 'ரேக் பில் 8' என்று அடித்தால் 8 என்பதும் ஒரு டாஸ்க் என்று ரேக் எடுத்துக்கொள்ளும். அதை எப்படிச் செய்வதென்று தெரியவில்லை என்று நின்றுவிடும். ஆரம்பத்தில் 'மாதம்=8' என்று சூழல் மாறி வழியாகக் கொடுத்தார்கள். இதுவும் மேக் தந்த வழிதான். ஆனால் அந்த மதிப்பு அந்த ஓட்டத்தில் வரும் எல்லா டாஸ்குக்கும் பொது; எழுத்துப் பிழை விழுந்தாலும் சத்தமே வராது.

ரேக்கின் 0.8 பதிப்பில் வைரிக் விடை கண்டார்: சதுர அடைப்பு. தகவல் டாஸ்கின் பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாக இருந்தால், ஒரே வரியில் பல டாஸ்க் கொடுக்கும் வசதியும் கெடாது. என் பார்வையில் இது மிகச் சரியான முடிவு. பார்க்க அழகில்லை என்பவர்கள் அந்த வசதியை மறந்துவிடுகிறார்கள்.

வைரிக் 2014 பிப்ரவரியில் காலமானார். அவர் வகுத்த இந்த முறையை இன்றும் அப்படியே அடிக்கிறோம்.

பழகுபவர்களுக்குச் சில வார்த்தை. கமாவுக்குப் பின் இடம் விடாதீர்கள். ஷெல் அதை இரண்டாக வெட்டிவிடும். 2019-க்குப் பிந்தைய ஆப்பிள் மேக் கணினிகளில் இஸட்-ஷெல்தான் இயல்பாக வரும். அது சதுர அடைப்பைக் கோப்புப் பெயர் தேடும் குறியாக எடுத்து, பொருந்துவது எதுவும் இல்லை என்று நிறுத்திவிடும். ஆகவே முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். உள்ளே வருவதெல்லாம் எழுத்துச் சரமே. கணக்குப் போடும் முன் எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பு கொடுக்காமல் விட்டாலும் ரேக் கேட்காது. சோதிப்பது உங்கள் பொறுப்பு.