ஒரு உப்பு மருந்தான கதை



போன வாரம் குன்னூர் வந்த பழைய மாணவன் ஒருவன் சிம்ஸ் பூங்கா பக்கம் நடக்கும்போது கேட்டான்: "சார், பைபோலாருக்கு எடுக்கிற லித்தியம் மாத்திரையை நிறுத்திடட்டுமா? மனசுல தைரியம் இருந்தா போதாதா?" அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டு, மூன்றரை ஆண்டுகள் சாங்கி முகாமில் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பி ஆராய்ச்சியில் இறங்கினார். லித்தியம் உப்பைச் செலுத்தியதும் கினிப் பன்றிகள் சாதுவாகிவிட்டன. பிறகு, கட்டுக்கடங்காத மன எழுச்சியில் தவித்த 10 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் கண்டு, 1949இல் கட்டுரை வெளியிட்டார். 1954இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ முறையாகச் சோதித்து அதை உறுதிசெய்தார்.

அது எப்படி வேலை செய்கிறது? நரம்பு செல்லுக்குள் செய்தி கடத்த இனோசிட்டால் என்ற பொருள் தேவை. செல் அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். அந்தச் சுழற்சிக்கான நொதியை லித்தியம் தடுக்கிறது. அதனால் அளவுமீறித் துடிக்கும் செல் அடங்குகிறது. இது 1980களில் மைக்கேல் பெரிட்ஜ் தந்த விளக்கம். முழு விடை இன்னும் வரவில்லை. பெங்களூருவில் நிம்ஹான்ஸும் என்.சி.பி.எஸ்.ஸும் நோயாளிகளின் ரத்த செல்களிலிருந்து நரம்பு செல்களை உருவாக்கி ஆராய்கின்றன.

சர்க்கரை வியாதிக்காரரிடம் "தைரியமா இரு, ஊசி வேண்டாம்" என்போமா? இதுவும் அப்படித்தான். லித்தியம் அளவு மிஞ்சினால் நஞ்சு. ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அவன் நிறுத்தவில்லை. நேற்று போன் செய்தான்.