சேவற்போரில் அருகி வழங்கும் அசைவுகளும் சேவல் வளர்ப்பும்: கொங்கு நாட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சேவற்போரில் எந்த அசைவு மிகுதியாகப் பயன்படும், எது அருகி வழங்கும் என்பதைக் களத்தின் விதியே முடிவு செய்கிறது. வளர்ப்போர் அதற்கேற்பவே சேவலின் உடலமைப்பைத் தெரிவு செய்கின்றனர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சங்கப் பாடல்கள், நடுகற்கள், புறப்பொருள் வெண்பாமாலை ஆகியவற்றின் துணைகொண்டு இக்கருதுகோள் ஆராயப்படுகிறது. அசைவுகளைக் குறிக்கும் சொற்களைக் கொங்கு வட்டாரத்தில் தொகுக்க வேண்டியதன் தேவையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சேவற்போர், கோழி வென்றி, நடுகல், கொங்கு நாடு, கிளிமூக்கு விசிறிவால்.

முன்னுரை

சேவற்போரை வீர விளையாட்டாகவோ சூதாகவோ நோக்குவது வழக்கம். போட்டிக்கென்றே மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உருவாக்கிய உயிரி என்ற நோக்கில் போர்ச்சேவலை அணுகினால் வேறு வினாக்கள் எழுகின்றன. வளர்த்தவர்கள் எதைக் கண்டு ஒரு சேவலைத் தெரிந்தெடுத்தனர்? எல்லாச் சேவலும் பாயும், காலால் அடிக்கும். சில சேவல்கள் மட்டுமே அடி விழும் கணத்தில் தாழ்ந்து ஒதுங்கும். எதிரியின் கழுத்தை அலகால் பற்றித் தொங்கும். அருகி வழங்கும் இவ்வசைவுகளுக்கு எக்காலத்தில் மதிப்பு இருந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இலக்கியமும் கல்லும்

குப்பைக்கோழியார் என்னும் புலவர், தாம் ஆண்ட உவமையால் பெயர் பெற்றவர். குறுந்தொகையின் 305ஆம் பாடலில் தலைவியின் காமநோய்க்குக் குப்பைக்கோழிகள் தாமே மூட்டிக்கொண்ட தனிப்போரை அவர் உவமையாக்குகிறார். விலக்குவார் இன்மையால் அது தானே தணிந்தால்தான் உண்டு என்பது கருத்து. இவ்வுவமை பொருள்பட வேண்டுமானால், ஏவுவாரும் விலக்குவாரும் உள்ள ஒழுங்குபட்ட போரையும் கேட்போர் அறிந்திருக்க வேண்டும். அகநானூற்றின் 277ஆம் பாடல் போரிடும் சேவலின் சிலிர்த்த கழுத்தை மலருக்கு உவமையாகக் கொள்கிறது.

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கிடைத்த வட்டெழுத்து நடுகல் ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. சேவலின் உருவம் பொறித்த அக்கல், இறந்த கோழியை மேற்சேரிக்கு உரியதாகக் குறிக்கிறது. இந்தளூர்க் கல்லோ கீழ்ச்சேரிக் கோழியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இரண்டும் கோழியை அதன் சேரியோடு சார்த்திக் கூறுவதால், சேவல் தன் சேரியின் சார்பாளனாகக் களத்தில் நின்றது எனக் கொள்ளலாம். ஆயினும் அது எவ்வாறு பொருதது என்பதைக் கற்கள் கூறவில்லை.

ஐந்து வினைகள்

அச்செய்தியைத் தருவது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை. தகர், யானை, பூழ், சிவல் ஆகியவற்றின் வென்றிகளோடு கோழி வென்றியையும் அந்நூல் துறையாக வகுக்கிறது. அதன் வெண்பா சேவலின் போரை ஐந்து வினைகளாகப் பகுத்துக் காட்டுகிறது: பாய்தல், எறிதல், படிதல், காய்தல், வாய்க்கொள்ளுதல். இவ்வினைகள் பலமுறை நிகழ்வதும், நிறம் ஆய்ந்து களத்தில் விடும் வித்தகர் இருந்ததும் அங்கே சொல்லப்படுகின்றன.

இவற்றுள் பாய்தலும் எறிதலும் எளிதில் கண்ணில் படுவன. படிதல் என்பது உடலைத் தாழ்த்துதல். வாய்க்கொள்ளுதல் என்பது அலகால் பற்றுதல். இவ்விரண்டும் நேரடியாக வீழ்த்துவன அல்ல. எதிரியின் அடியை வீணாக்கி, அதன் வலுவைக் குறைப்பன. அவற்றையும் பாய்தலுக்கு இணையாக அடுக்கியிருப்பது, களத்தை நெருங்கிக் கண்டவர்களின் அறிவு நூலில் பதிந்திருப்பதைக் காட்டுகிறது.

களவிதியும் உடலமைப்பும்

சேவற்போர் இருவகைப்படும். காலில் கத்தி கட்டி விடும் போரில் முதற் சில பாய்ச்சல்களிலேயே முடிவு தெரிந்துவிடும். அங்கே வேண்டுவது இலேசான உடலும் உயரப் பாயும் விரைவும். கத்தியின்றி வெறுங்காலில் நிகழும் போர் நீண்டது. இடையிடையே நிறுத்தி, நீர் தெளித்து, மீண்டும் விடுவர். அதற்குக் கனத்த எலும்பும் தடித்த கழுத்தும் வலிய அலகும் வேண்டும். கத்திக்களத்தில் படியவும் பற்றவும் பொழுதில்லை. ஆகவே அவ்வசைவுகள் அங்கே அருகுகின்றன, அவற்றுக்குரிய உடலும் தெரிவில் பின்தள்ளப்படுகிறது.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு வெண்பாவைப் படித்தால் ஒரு முடிவுக்கு வரலாம். அதில் கத்தி பற்றிய குறிப்பு இல்லை. குறிப்பின்மை மட்டும் சான்றாகாது; எனினும் படிதல், வாய்க்கொள்ளுதல் ஆகிய வினைகளும் அவை பலகால் நிகழ்வதும் நீண்ட வெறுங்கால் போருக்கே பொருந்துகின்றன.

களம் மறைந்த பின்

களம் மறைந்தால் உடலமைப்பு எவ்வாறு மாறும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. 1835ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே சேவற்போரைத் தடைசெய்தது. பின்னர் போர்க்கோழிகள் கண்காட்சிக்கென வளர்க்கப்பட்டன. நீண்ட காலும் நீண்ட கழுத்தும் கொண்ட, போருக்கு உதவாத புதிய இனம் அவற்றிலிருந்து உருவாயிற்று.

தமிழகத்தில் கிளிமூக்கு விசிறிவால் சேவல்கள் இன்று அவ்வழியில் செல்கின்றன. அலகின் வளைவும் வாலின் விரிவுமே அவற்றின் மதிப்பை முடிவு செய்கின்றன. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு விலங்குகளைப் பொருத விடுவதைக் குற்றமாக்குகிறது. 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் சல்லிக்கட்டுக்கு அளித்த விலக்கு சேவற்போருக்கு இல்லை. ஆயினும் கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசு போன்ற ஊர்கள் பொங்கற்காலச் சேவற்போரால் அறியப்படுகின்றன.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தின் பதிவில் அசில் இனத்தின் தாயகமாகச் சத்தீஸ்கர், ஒடிசா, ஆந்திரப் பிரதேசம் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன; தமிழகம் அதில் இல்லை. பீளமேட்டிலிருந்து கிழக்கே சென்றால் வரும் பல்லடம் வட்டாரமோ கறிக்கோழி வளர்ப்பின் முதன்மை நடுவங்களுள் ஒன்று. அசைவையே கண்டு கோழியைத் தெரிந்தெடுத்த நாட்டில், அசைவே வேண்டாத கோழி இன்று பெருகியிருக்கிறது.

முடிவுரை

சேவலின் துன்பத்தைக் கருதிச் சட்டம் விதித்த தடை ஏற்கத்தக்கது. அதைத் தளர்த்த வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆனால் களத்தோடு சேர்ந்து அசைவுகளின் பெயர்களும் மறைந்து வருகின்றன. பரவலாக நிகழும் அசைவின் பெயர் எப்படியும் எஞ்சும். அருகி வழங்குவதன் பெயரே முதலில் அழியும். ஆகவே வெண்பாவின் ஐந்து வினைகளையே வினாநிரலாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கொங்கு நாட்டு முதிய வளர்ப்போர் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் உடனடித் தேவை. படிதலுக்கும் வாய்க்கொள்ளுதலுக்கும் இன்றும் சொற்கள் கிடைத்தால், வெறுங்கால் போரின் மரபுத்தொடர்ச்சியை நிறுவ அவை துணைபுரியும். கிடைக்காவிடில், எக்களத்தில் எதை இழந்தோம் என்பதேனும் தெளிவாகும்.