சுளுக்கு: படுப்பதா, நடப்பதா?

கரிசல் காட்டு வெடிப்பில் கால் மாட்டிப் பிசகிக்கொண்ட ஒருவரை டி. கல்லுப்பட்டி பக்கம் விசாரித்துப் பாருங்கள். "ஒண்ணுமில்லண்ணே, சுளுக்குத்தான். புளிப்பத்துப் போட்டிருக்கேன், சரியாப் போயிரும்" என்பார். புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்த சூடான பற்று! அதற்கும் அடங்காவிட்டால், கால் முன்னே வரப் பிறந்தவர் யாரையாவது தேடிப்பிடித்து நீவிவிடச் சொல்வார்கள். அப்படிப் பிறந்தவர்களுக்குச் சுளுக்கெடுக்கும் ராசி உண்டு என்பது நம்மூர் நம்பிக்கை.

அதே கல்லுப்பட்டியில்தான் 1940-ல் ஜி. வெங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம். குமரப்பாவின் குருநாதரான காந்திக்கோ, குளிர்ந்த ஈரமண் பட்டியில்தான் அபார நம்பிக்கை!

சூடா, குளிர்ச்சியா? இந்த வழக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. புண் இல்லாத மூட்டு வீக்கத்துக்கும் சுளுக்குக்கும் குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றச் சொல்லிவிட்டுப் போனது பண்டைய கிரேக்க மருத்துவம். ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் நூலிலேயே அது இருக்கிறது.

ஆனால், அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று உண்டு. வீக்கம் வடிந்த பிறகு என்ன செய்வது? படுத்தே கிடப்பதா, எழுந்து நடப்பதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதற்கு இரண்டு கட்சிகள். 'ஓய்வு' கட்சியின் தலைவர் லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தாமஸ். பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்து டாக்டரானவர்! அடிபட்ட மூட்டை அசைக்காமல், நீண்ட நாள் ஓய்வில் வை என்பதே அவர் வேதம். 1852-ல் டச்சு ராணுவ டாக்டர் மத்தைசன் அறிமுகப்படுத்திய மாவுக்கட்டு முறை இந்தக் கட்சிக்கு நல்ல ஆயுதமாகப் போயிற்று. எதிர்க்கட்சியில் பிரெஞ்சு டாக்டர் லூகா ஷாம்பியோனியேர். "பிடித்துவிடுங்கள், சீக்கிரமே அசைக்கவையுங்கள்" என்றார் அவர். பலர் காதில் அது ஏறவில்லை!

தீர்ப்புக்கு வழி காட்டியவர் லண்டன் டாக்டர் மைக்கேல் ஃப்ரீமேன். 1965-ல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் முக்கியமானவை. கணுக்கால் லிகமென்ட் அறுந்தவர்களில் ஆபரேஷன் செய்தவர்கள், மாவுக்கட்டுப் போட்டவர்கள், சீக்கிரமே நடக்கவிடப்பட்டவர்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். வேகமாகத் தேறியது கடைசி ரகம்தான்!

இன்னொன்றையும் அவர் கவனித்தார். வலி போன பிறகும் சிலருக்குக் கால் திடீர் திடீரென்று மடங்கிக்கொள்கிறதே, ஏன்? லிகமென்ட் என்பது எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் வெறும் கயிறு மட்டுமல்ல. அதில் நரம்பு முனைகளும் உண்டு. 'பாதம் சாய்கிறது, ஜாக்கிரதை' என்று சேதி அனுப்பும் காவல்காரர்கள் அவர்கள். லிகமென்ட் கிழியும்போது காவலும் கெடுகிறது என்றார் ஃப்ரீமேன். அவர் தந்த மருந்து மாத்திரை இல்லை. ஆடும் பலகையில் நின்று சமநிலை பழகுவது!

அப்புறம் 1978-ல் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின் 'ரைஸ்' என்று ஒரு சூத்திரம் சொன்னார். சோறு அல்ல... ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள். உலகமே மனப்பாடம் செய்தது. வேடிக்கை என்னவென்றால், 2014-ல் அவரே, "ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம்" என்று தன் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டார். ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். இன்றைய வைத்தியம் முதல் சில நாள் பாதுகாப்பையும், பிறகு படிப்படியான அசைவையும் வலியுறுத்துகிறது.

இதில் உங்களுக்கு என்ன பாடம்? பிசகிய உடனேயும் சரி, டாக்டர் பார்க்கும்போதும் சரி, நாலு எட்டு வைக்க முடியவில்லையா? கணுக்கால் குமிழ் எலும்பின் பின்பக்கத்தையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறதா? எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், எலும்பு முறிந்திருக்கலாம். 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுக்கப்பட்ட விதிகள் சொல்வது இதைத்தான். முறிவு இல்லையென்று தெரிந்தால், வலி அனுமதிக்கும் அளவுக்கு ஊன்றி நடக்கலாம். வீங்கிய காலை முரட்டுத்தனமாக நீவ யாரையும் விடாதீர்கள். கட்டு வேண்டுமா, கணுக்கால் உறை வேண்டுமா என்பதை டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ சொல்லட்டும்.

நம்மில் பலர் கோட்டை விடுவது அதற்கப்புறம்தான். வலி போனதும், "சரியாப் போச்சு" என்று பயிற்சியை மறந்துவிடுகிறோம். முதல் சுளுக்கு விபத்து. சரியாகப் பழக்காத காலில் வரும் இரண்டாவது, மூன்றாவது சுளுக்கு அலட்சியத்தின் கூலி. வருஷக்கணக்கில் மடங்கும் கணுக்கால், கடைசியில் மூட்டுத் தேய்மானத்திலும் கொண்டுபோய் விடலாம்.

செலவு ஒன்றும் இல்லை. ஊன்றி நிற்க வலிக்காத கட்டம் வந்ததும், சுவர் ஓரமாக அடிபட்ட காலில் மட்டும் நின்று பழகுங்கள். கொக்கு மாதிரி நிற்கிறீர்கள் என்று வீட்டில் சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டும்!