வாசற்செடியும் வேலிக்கொடியும்: கீழாநெல்லி, செங்காந்தள் – ஓர் ஒப்பாய்வு

எனக்குப் பத்து வயதில் மஞ்சள் காமாலை வந்தது. அம்மாயி விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய், வாய்க்கால் ஓரம் முளைத்திருந்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்தார். மண் போக அலசி, அம்மியில் வைத்து மையாக அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி, உப்புப் போடாத மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்க வைத்தார். கசப்பு நாக்கை விட்டுப் போக வெகுநேரம் ஆனது. எண்ணெய் இல்லை, கறி இல்லை, வெயிலில் ஆட்டம் இல்லை. இரண்டு வாரத்தில் கண் வெளுத்தது.

அதே தோட்டத்துக் கிளுவை வேலியில் புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை வரை செங்காந்தள் பற்றியேறிப் பூத்திருக்கும். அந்தப் பக்கம் போனால் அம்மாயியின் குரல் மாறிவிடும். "அதத் தொட்டுட்டு வாயில கைய வெக்காத கண்ணு" என்பார். கிழங்கைத் தோண்டிப் பார்த்ததற்காக ஒருமுறை அடியும் வாங்கியிருக்கிறேன்.

இரண்டும் மூலிகைகள்தாம். ஒன்றை அவர் பிள்ளையின் வாயில் ஊட்டினார். மற்றொன்றைத் தொடவே விடவில்லை. இன்று "மூலிகை என்றால் பக்கவிளைவு கிடையாது" என்ற வாசகம் புட்டியின் மேலும் கைபேசிச் செய்திகளிலும் சுற்றி வருகிறது. அம்மாயி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நம் மரபே செடிக்குச் செடி வேறுபாடு பார்த்ததுதான். அந்த வேறுபாட்டை மீட்டெடுக்க இந்த இரண்டு செடிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பெயரும் உருவமும்

கீழாநெல்லி அதிகம் உயராத சிறு செடி. மழை பெய்தால் வரப்பிலும் வாசலிலும் தானாக முளைக்கும். நெல்லி இலை போன்ற சிற்றிலைகள் வரிசையாக இருக்கும்; இலைக்காம்பின் அடிப்பக்கம் கடுகளவுக் காய்கள் தொங்கும். காய் கீழே இருப்பதால் கீழாநெல்லி. தாவரவியலில் இதற்கு ஃபில்லாந்தஸ் அமரஸ் என்று பெயர். 'அமரஸ்' என்றால் கசப்பு.

செங்காந்தள் பற்றிப் படரும் கொடி. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்துக்கொள்ளும். இதழ்கள் பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, கடைசியில் செந்தீ நிறம் கொள்ளும். குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியல் இந்தப் பூவில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஈழத்தில் கார்த்திகைப்பூ. கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும், பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று ஊரார் சொல்வதால் கண்வலிக்கிழங்கு என்றும் பெயர்கள் உண்டு.

மரபு கொடுத்த இடம்

கீழாநெல்லியைச் சித்த மருத்துவமும் கை வைத்தியமும் ஒருங்கே ஏற்றுக்கொண்டன. காமாலை, உடற்சூடு, நீர்க்கடுப்பு என்று வீட்டுப் பெண்களே எடுத்துக் கொடுக்கும் செடி அது. அளவு பாக்கு, நெல்லிக்காய் என்று கைக்கணக்கில்தான் சொல்லப்பட்டது. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய தீங்கில்லை என்பதால் அந்தக் கணக்கே போதுமானதாக இருந்தது.

செங்காந்தள் கிழங்கின் கதை வேறு. சித்தமும் ஆயுர்வேதமும் அதை நஞ்சுப் பொருள்களின் வரிசையில் வைத்தன. சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்றன. கிழங்கைச் சீவி, மோரிலோ கோமியத்திலோ நாள்கணக்கில் ஊறவைத்து உலர்த்தும் முறைகள் இதற்காகவே வந்தவை. அவற்றைக் கற்ற வைத்தியர் மட்டும் கையாண்டார். வீட்டு அம்மிக்கு அது வந்ததில்லை. இன்றைய சட்டமும் இதையே வழிமொழிகிறது. மருந்து, அழகுப்பொருள் விதிகளில் சித்த, ஆயுர்வேத, யுனானி நச்சுப் பொருள்களைப் பட்டியலிடும் இணைப்பில் இந்தக் கிழங்கு இருக்கிறது. அது சேர்ந்த உள்மருந்தின் மேல், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடம் சொன்னது

ஆய்வுக்கூடத்துக்குள் போனதும், நாம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிவுகள் வருகின்றன.

கீழாநெல்லியை உலகம் கவனித்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கின் குழு, இதன் சாறு ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமியைத் தடுப்பதாக 1987இல் எழுதியது. மறு ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 'லான்செட்' இதழில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. தமிழ்நாடே பெருமைப்பட்ட முடிவு அது.

ஆனால் பிற நாடுகளில் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. சோதனைகளைத் திரட்டி 2011இல் மதிப்பிட்ட காக்ரேன் அறிக்கை, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு இது பயன்படுவதாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. பெரிய தீங்கு எதுவும் தென்படவில்லை, பலன்தான் உறுதிப்படவில்லை.

செங்காந்தளிலோ நஞ்சே மருந்தாகி நிற்கிறது. அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற பொருளை 1820இல் பெல்டியே, கவாந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஐரோப்பாவின் வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுத்தனர். நம் கொடியின் கிழங்கிலும் விதையிலும் அதே பொருள் இருக்கிறது. கீல்வாத வகைகளில் ஒன்றான கௌட் நோயின் சுரீர் வலிக்கு இன்றும் நம்பகமான மருந்து அது. அமெரிக்க மருந்து ஆணையம் 2009இல் கௌட்டுக்கும், 2023இல் மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க 0.5 மில்லிகிராம் அளவிலும் ஒப்புதல் தந்தது. முதுகுப் பிடிப்புக்கு நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் தயோகோல்ச்சிகோசைடும் இதே கொடியின் விதைவழி வருவதுதான்.

இதற்காகவே மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்திலும் வேதாரண்யத்திலும் இதைப் பயிரிடுகிறார்கள். காலையில் பூ விரிந்ததும் ஆட்கள் வரிசை வரிசையாகப் போய், மகரந்தத்தைக் கையாலேயே சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். வேலை முடிந்து வரப்பில் உட்காரும் பெண்கள் தூக்குவாளியைத் திறக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். அம்மாயியின் எச்சரிக்கை அங்கே வேலை ஒழுங்காகவே மாறியிருந்தது.

ஆபத்து வரும் வழி

இரண்டு செடிகளும் கெடுதல் செய்யும் வழி வேறு வேறு. இந்த ஒப்பீட்டின் மையம் இதுதான்.

செங்காந்தளில் ஆபத்து செடிக்குள்ளேயே இருக்கிறது. அளவுதான் அதைத் தீர்மானிக்கிறது. உடலணுக்கள் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்களைக் கோல்ச்சிசின் கட்டிப்போடுகிறது. அளவு மிஞ்சினால் முதல் நாளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிறகு தெளிந்தது போலத் தோன்றலாம். அதற்குள் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகத் தளரும். பிழைத்தவர்களுக்கும் சில நாள் கழித்து முடி கொட்டும். ஆஸ்பத்திரியில் எளிதில் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இதற்கு இல்லை. சமைத்தாலும் நஞ்சு போகாது. மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கௌட் வலிக்கு 4.8 மில்லிகிராம் கொடுப்பதும் 1.8 மில்லிகிராம் கொடுப்பதும் வலியை ஒரே மாதிரி குறைத்தன. வயிற்றுப்போக்கு மட்டும் குறைந்த அளவில் வெகுவாகத் தணிந்தது. மில்லிகிராம் கணக்கில் நடக்கும் இந்த வைத்தியத்தை, கிழங்குக்குக் கிழங்கு வீரியம் மாறும் பச்சைப் பொருளை வைத்துக்கொண்டு எவரும் வீட்டில் செய்ய முடியாது.

கீழாநெல்லியில் ஆபத்து செடிக்கு வெளியே, நோயில் இருக்கிறது. காமாலை என்பது நோயின் பெயரே அல்ல, அடையாளம். தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள் பெரும்பாலும் ஓய்விலேயே தணிந்துவிடும். எனக்கு வந்தது அநேகமாக அப்படிப்பட்டதுதான். மருந்தில்லாமலும் கண் வெளுத்திருக்கலாம் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பித்தக்குழாயில் கல் அடைத்தாலும், எலிக்காய்ச்சல் வந்தாலும், கணையத்தில் கட்டி வந்தாலும் கண் மஞ்சளாகும்.

என் சித்தப்பாவுக்கு 58 வயதில் கண் மஞ்சளித்தபோது, என்னைக் குணப்படுத்தியதாக எண்ணிய அதே செடியைத்தான் நம்பினோம். நாற்பது நாள் கீழாநெல்லி, மோர்ச்சோறு, பத்தியம். உடம்பெல்லாம் அரித்தது, மலம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பத்தியம் முறிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டோம். ஸ்கேன் எடுத்தபோது கணையத் தலையில் கட்டி, அறுவைக்கான கட்டம் கடந்திருந்தது. முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல இயலாது. அந்தக் கேள்வியை மருத்துவரிடம் நேரத்தோடு கேட்கும் வாய்ப்பை நாங்களே இழந்தோம். செடி அவருக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் அதன் பேரில் நாற்பது நாள் போனது.

ஆள்மாறாட்டம்

ஒரு வகையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன: அடையாளம் தவறினால் இரண்டும் கைவிடும். காந்தள் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் இலங்கையில் உண்டு. கீழாநெல்லியிலோ மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி என்று பார்வைக்கு ஒத்த உறவுகள் பல. பச்சையாக இருக்கும்போது காயும் காம்பும் பார்த்துச் சொல்லிவிடலாம். காய்ந்து பொடியான பின் எது எது என்று தேர்ந்த கண்ணுக்கும் தெரியாது. நாட்டுமருந்துச் சரக்கில் இவை கலந்து வருவதும் உண்டு. களைக்கொல்லி அடித்த வரப்பிலும் சாக்கடை ஓரத்திலும் பிடுங்கிய செடிக்கு எந்த வைத்தியரும் பொறுப்பேற்க முடியாது.

எடைபோட்டால்

மென்மையான செடியின் பலன் இன்னும் உறுதியாகவில்லை. கொடிய செடியின் பலன் மில்லிகிராம் வரை உறுதியாகியிருக்கிறது. வீரியம் உள்ள பொருள்தான் நோயையும் அசைக்கும், ஆளையும் அசைக்கும். ஆகவே "மூலிகை பாதுகாப்பானதா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தச் செடி, எந்தப் பாகம், என்ன பக்குவம், எவ்வளவு, எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்றுதான் கேட்க வேண்டும். சித்த மருத்துவர் கேட்பதும் இவற்றைத்தான். 'இயற்கை' என்ற ஒற்றைச் சொல்லால் இத்தனை கேள்விகளையும் மூடிவிடுகிறவர்கள் மரபைக் காப்பவர்கள் அல்லர். அதன் நுட்பத்தை அழிப்பவர்கள்.

கிணற்றடியில் கீழாநெல்லி இன்றும் முளைக்கிறது. என் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கண் மஞ்சளித்தால், முதல் நாளே இரத்தம் பரிசோதித்துக் காரணம் தெரிந்துகொள்வேன். தானாகத் தணியும் காமாலைதான் என்று மருத்துவர் சொல்லி, கீழாநெல்லி கொடுக்கப்போவதை அவரிடம் மறைக்காமல் கேட்டு, அவர் தடுக்கவில்லை என்றால், அலசி அரைத்து மோரில் கரைத்துக் கொடுப்பேன். வேலியில் காந்தள் பூத்தால் பிள்ளையை அழைத்துப்போய் அதன் நிறம் மாறும் அழகைக் காட்டுவேன். அம்மாயி எனக்குச் சொன்னதை அதே குரலில் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.