‘மாணவ மெய்வல்லுநர்’: ஒரு சொற்றொடரின் பொருளியல் வரலாறு

சொற்களின் வரலாற்றை ஆராய்வோர் தமது சான்றுகளைப் பெரும்பாலும் இலக்கியங்களிலும் சாசனங்களிலுமே தேடுவர். நட்டஈட்டு வழக்குகளின் நெருக்கடியிலே பிறந்த சொற்களும் உள. ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே இன்று ஐயமின்றி வழங்கப்படும் ‘மாணவ மெய்வல்லுநர்’ என்னும் தொடர் அத்தகையது. அது எக்காலத்தில், எவர் தேவைக்காக ஆக்கப்பட்டது என நோக்குமிடத்து, அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டின் பொருளாதாரத்தையே அதனூடாக விளங்கிக்கொள்ளலாம்.

கல்லூரி விளையாட்டு ஒரு காலத்தில் தூய்மையாக இருந்தது என்றும், பின்னர் பணம் புகுந்து அதனைக் கெடுத்தது என்றும் கூறப்படுவதுண்டு. வரலாறு இதற்கு இடந்தருவதாக இல்லை. அந்நாட்டின் முதலாவது கல்லூரிகளுக்கிடையிலான போட்டி 1852 ஆகஸ்ட் மாதத்தில், நியூ ஹாம்ஷயரின் வினிப்பெசோக்கி ஏரியில், ஹாவர்ட், யேல் மாணவர்களிடையே நிகழ்ந்த படகோட்டம் ஆகும். அதற்கான செலவை ஏற்றது ஒரு புகையிரதக் கம்பனி. உல்லாசப் பயணிகளைத் தன் பாதைக்கு ஈர்ப்பதே அதன் நோக்கம்.

ஆயின் ‘அமெச்சூர்’ என்ற இலட்சியம் எங்கிருந்து வந்தது? அது இங்கிலாந்தின் உயர்குடியினர் வகுத்தது. கூலிக்கு உடலுழைப்புச் செய்யும் தொழிலாளி எவனும் அமெச்சூர் ஆகான் என்று 1879 இல் ஹென்லி படகோட்டப் போட்டியின் விதிகள் வெளிப்படையாகவே கூறின. ஓய்வு உடையவனே ஊதியமின்றி விளையாட முடியும். விளையாடச் சென்றதால் இழந்த நாட்கூலிக்கு ஈடு வழங்க வேண்டும் என்று யோர்க்‌ஷயர், லங்காஷயர் றக்பிக் கழகங்கள் கேட்டதும், அது மறுக்கப்பட்டு 1895 இல் அவ்விளையாட்டு இரண்டாகப் பிளவுண்டதும் இதனாலேயே. அக்கழகங்களின் வீரருட் பலர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். அமெரிக்காவிலோ இவ்விலட்சியம் வேறொரு பணியைச் செய்தது. இங்கிலாந்தில் அது தொழிலாளியை மைதானத்துக்கு வெளியே நிறுத்தியது. அமெரிக்காவில் அவனை மைதானத்துக்குள் அழைத்து, வாயிற் கட்டணத்தில் மட்டும் பங்கில்லை என்றது.

அவ்வாயிற் கட்டணம் சிறிதன்று. 1914 இல் திறக்கப்பட்ட யேல் பல்கலைக்கழக அரங்கு ஏறத்தாழ எழுபதினாயிரம் பேரைக் கொண்டது. 1906 இல் உருவாகிப் பின்னர் தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கம் எனப் பெயர் பெற்ற அமைப்பு, விளையாட்டுக்காகப் பணம் பெறுதலைத் தொடக்கத்திலேயே தடை செய்தது. தடை ஏட்டளவில் இருந்தது. 1929 இல் வெளிவந்த கார்னகி அறிக்கை, ஆராயப்பட்ட கல்லூரிகளிற் பெரும்பான்மையானவை மறைமுகமாகப் பணமும் வேலையும் கொடுத்து வீரரைத் திரட்டின எனக் காட்டிற்று. இறுதியில் 1956 இல், வறுமையையோ கல்வித் திறனையோ கருதாது விளையாட்டுத் திறனுக்காகவே புலமைப்பரிசில் வழங்கலாம் எனச் சங்கம் ஏற்றுக்கொண்டது. கூலி புலமைப்பரிசில் என்னும் பெயர் பெற்றது.

நமது தொடர் பிறந்தது இக்காலப் பகுதியில்தான். களம் கொலராடோ மாநிலம். டென்வர் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க உதைபந்தாட்டப் பயிற்சியின்போது முதுகில் அடிபட்ட மாணவர் ஒருவர் தொழிலாளர் நட்டஈடு கோரினார். அவருக்குக் கல்லூரி வளவில் கொடுக்கப்பட்ட வேலை, அவர் அணியில் ஆடுவதோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே அவர் ஊழியரே என 1953 இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈராண்டுகளின் பின், அதே மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி வீரர் ஒருவர் போட்டியிலே தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி நட்டஈடு கேட்டார். கல்லூரி உதைபந்தாட்ட வியாபாரம் நடத்தவில்லை என்று கூறி, 1957 இல் அதே நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது.

இத்தகைய கோரிக்கைகள் எழுப்பிய அச்சத்துக்கு விடையாகவே ‘மாணவ மெய்வல்லுநர்’ என்ற தொடரைத் தாம் ஆக்கியதாக, 1951 முதல் 1987 வரை சங்கத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளராக விளங்கிய வால்டர் பையர்ஸ் 1995 இல் வெளியிட்ட தமது நூலில் எழுதினார். விளையாட்டு வீரர் என்ற சொல்லுக்குப் பதிலாக அது விதிகளில் கட்டாயமாக்கப்பட்டது. கருத்துநிலை என்பது யாரும் திட்டமிடாது சமூகத்திலே பரவும் புகைமூட்டம் என்று கருதுவோர், அலுவலக மேசையிலே செய்து முடிக்கப்பட்ட இவ்வுதாரணத்தைக் கவனிப்பது நன்று. அம்முறைமையைப் பின்னாளில் பெருந்தோட்ட மனப்பான்மையோடு ஒப்பிட்டவரும் அதே பையர்ஸ்தான். 1973 இல் புலமைப்பரிசில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாக மாற்றப்பட்டமை அவருடைய காலத்திலேயே நிகழ்ந்தது. அதன்பின் பயிற்றுநரின் மனம் கோணினால், மறு ஆண்டுக்கான புலமைப்பரிசிலையே மாணவர் இழக்க நேரிடும் நிலை ஏற்பட்டது.

தொழில்முறை விளையாட்டிலும் முதலாளிகள் இலகுவில் விட்டுக்கொடுக்கவில்லை. பேஸ்போல் ஆட்டக்காரரை ஒரே கழகத்துடன் ஆயுள் முழுவதும் பிணைத்த விதி 1879 இல் தோன்றியது. கறுப்பின வீரர் கேர்ட் ஃப்ளட் அதனை எதிர்த்து, 1972 இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் தோற்றார். எனினும் உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் அனுபவம் பெற்ற மார்வின் மில்லர் 1966 முதல் வீரர் சங்கத்தை வழிநடத்தி வந்தார். அச்சங்கம் கூட்டு ஒப்பந்தத்தின் மூலம் பெற்ற நடுத்தீர்ப்பு உரிமையே 1975 இல் அவ்விதியை உடைத்தது. நீதிமன்றம் மறுத்ததைத் தொழிற்சங்கம் பெற்றது. கல்லூரி வீரருக்கு இவ்வழி அடைபட்டிருந்தது; ஊழியர் அல்லாதவருக்குத் தொழிற்சங்கம் ஏது?

1984 இல் உயர் நீதிமன்றம் தொலைக்காட்சி ஒளிபரப்பின் மீதான சங்கத்தின் ஏகபோகத்தைச் சந்தைப் போட்டிக்கு மாறானது என நீக்கியது. அதே தீர்ப்பு அமெச்சூர் மரபைப் போற்றிச் சொன்ன வரிகள், பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீரரின் ஊதியக் கோரிக்கைக்கு எதிராக எடுத்தாளப்பட்டன. பல்கலைக்கழகங்களுக்குச் சந்தை திறந்தது. உழைப்பவருக்கு அது மூடியே கிடந்தது. விளையாட்டுத் துறைகள் பெரும்பாலும் நட்டத்திலேயே இயங்குவதாகப் பல்கலைக்கழகங்கள் முறையிடுவதுண்டு. கணக்கேடு பொய்யன்று. ஆனால் ஊதியமாகப் போகாத பணம் அரங்குகளாகவும் பயிற்றுநர் சம்பளமாகவும் போகின்றது. 2023 இல் அதியுயர் சம்பளம் பெற்ற பயிற்றுநருக்கு ஆண்டுக்கு 1 கோடி 10 இலட்சம் டொலருக்கு மேற் கிடைத்தது. வருமானம் தரும் உதைபந்தாட்டத்திலும் கூடைப்பந்தாட்டத்திலும் முன்னணி அணிகளின் வீரருட் பெரும்பங்கினர் கறுப்பினத்தவர் என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ளல் வேண்டும். தொழில்முறைக் கழகங்களுக்கும் இதில் ஆதாயமுண்டு. தமது வருங்கால வீரரைப் பயிற்றுவிக்கும் செலவு அவற்றின் கணக்கில் ஏறுவதில்லை.

நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழக வீரர் தொழிற்சங்கம் அமைக்க முயன்றபோது, அவர்கள் ஊழியரே என 2014 இல் தொழிலாளர் உறவுச் சபையின் பிராந்தியப் பணிப்பாளர் தீர்மானித்தார். 2015 இல் தேசியச் சபை அவ்விடயத்தில் தலையிட மறுத்து, அம்முயற்சியை முடித்துவைத்தது. கல்விசார் நலன்களுக்கு வரம்பிடுவதைக்கூட நியாயப்படுத்த முடியாது என 2021 இல் உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே வீரர் தமது பெயரையும் உருவத்தையும் விற்கும் உரிமை பெற்றனர். 2025 யூனில் அங்கீகரிக்கப்பட்ட இணக்கத்தின்படி, முன்னைய வீரருக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் வழங்கப்பட வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை தன் வீரருடன் பகிரலாம். பணம் வந்துவிட்டது, பதவிப் பெயர் வரவில்லை. அவ்வாண்டிலும் சங்கம் அமெரிக்கக் காங்கிரசிடம் வேண்டி நின்றது, இம்மாணவர் ஊழியர் அல்லர் எனச் சட்டமியற்றுமாறே.