வெர்செய்ல்ஸ் தோட்டம்: சாய்ந்த மரத்துக்குப் பதில் ஒரு கன்று நட்டால் போதாதா?

1999 டிசம்பர் 26 அன்று பிரான்ஸைப் புரட்டிப்போட்ட புயலில், வெர்செய்ல்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் மட்டும் சுமார் 10,000 மரங்கள் சாய்ந்தன. விழுந்த இடத்துல ஒரு கன்றை நட்டா முடிஞ்சுதே என்று தோன்றலாம். இங்கே அது சரிப்படாது.

14-ஆம் லூயி மன்னருக்காக ஆந்த்ரே லெ நோத்ர் 1661 முதல் அமைத்த தோட்டம் இது. நூல் பிடித்த மாதிரி மர வரிசைகள், ஒரே உயரம். பெரிய மரங்களுக்கு நடுவே நடும் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்காது, வேருக்கும் போட்டி. கோணலாகத்தான் வளரும், வரிசை பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். சுவர் போல வெட்டி வளர்க்கும் ஹார்ன்பீம் வேலிக்கும் இதே சிக்கல்தான். மேலே கிழமரங்கள் நிழல் கட்டினால், அடிப்பக்கம் இலை உதிர்ந்து ஓட்டையாகும்.

அதனால் வரிசையையே மொத்தமாக எடுத்துவிட்டு, ஒரே வயதுக் கன்றுகளை நடுகிறார்கள். நல்லா இருக்கும் மரமும் சேர்ந்தே போகும், மனசு கேட்காதுதான். ஆனால் இது புதுசு இல்லை. 1774-75 குளிர்காலத்தில் 16-ஆம் லூயி இங்கிருந்த பழைய மரங்களை வெட்டச் சொன்னார். அந்தக் காட்சியை ஊபேர் ரொபேர் ஓவியமாகவே வரைந்திருக்கிறார்.

இப்போதைய மறுநடவும் 1990 புயலுக்குப் பிறகே தொடங்கிவிட்டது. 1999 புயல் அதை அவசரப்படுத்தியது, அவ்வளவுதான்.